ரெண்டு வேளைக்கு மாத்திரை

தம்பி,

உன் அப்பா இவ்வளவு நீளமாக எழுதுவார் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். நானும் எதிர்பார்க்கவில்லை. வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன். நீ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வார்டுக்கு வருகிறாய். என் கால்மாட்டில் உட்காருகிறாய். "சாப்டியாபா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறாய், பிறகு போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாய். நான் பேச ஆரம்பித்தாலோ ஊருக்கே கேட்கிறது. மெஷின் ஷாப்பில் காதைக் கொடுத்துவிட்டு வந்தவன் மெதுவாகப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. போன வாரம் "கால எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க, வுடுடா" என்று நான் உன் காதில் ரகசியமாகச் சொன்னதைக் கேட்டு எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நீ வெளியே போய்விட்டாய். எழுதிக் கொடுத்தால் நீ பாதியில் எழுந்து போனாலும் திரும்பி வந்து மீதியைப் படிக்கலாம் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா என் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்கிறார். நான் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டு மனுஷர் ஒருவரும் போட வேண்டுமாம், நீ போட மாட்டேன் என்கிறாய். "இன்னொரு ஆபரேஷன் பண்ணி வேற முட்டி வைங்க மேடம், அவரு நடந்து வந்தப்புறந்தான் என் கல்யாணம்" என்று அவரிடமே சொல்லிவிட்டாய். கல்யாணத் தேதி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. என் கால் போகக்கூடாது என்ற ஆசையால் மட்டும் நீ இப்படிப் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்தது உன் கை. அதைத்தான் நீ உள்ளே போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவுக்கும் அது தெரியும். நாங்கள் உன் முகத்தை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்.

முதலில் முட்டியை எடுத்துச் செயற்கை முட்டி வைக்கச் சொன்னதும் நீதான். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் கிடையாது. ஒரகடம் கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் நின்று நின்றே அந்த முட்டி தேய்ந்து போயிருந்தது. கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அம்மாவைக் கூப்பிட வேண்டும். ரிடையர் ஆனதும் நீ பிடித்த பிடியில்தான் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு நான் நடந்த நடையை மறந்துவிடாதே. காலையில் டீ குடிக்கவென்றே சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போவேன். வீட்டில் டீ போட்டு வைத்துவிட்டு அம்மா திட்டுவாள். பெண் பார்க்க மணிமங்கலம் போனோமே, கௌரியின் வீடு மாடியில் இருந்தது. முட்டி ஆபரேஷன் செய்தவர் என்று அவள் அப்பா கீழேயே நாற்காலி போட்டு வைத்திருந்தார். நான் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். ஏறிவிட்டு வேண்டுமென்றே உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரித்தாய். அதை நீ எனக்குக் கொடுத்தாய், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

நிச்சயதார்த்தத்தன்று ஐயர், கல்யாணத்தில் எதற்குப் பிறகு எது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாத பூஜை வந்தது. மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவின் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, பூப்போட்டுக் கும்பிட வேண்டும் என்றார். நீ குனிந்து என் பாதத்தைப் பார்த்தாய். சேஃப்டி ஷூவுக்குள் வெந்து வெந்து வெடித்துப்போன பாதம். "அப்போ தட்டுல ஒரு பாக்கெட் சோப்புத்தூளும் வெச்சிடுங்க சாமி" என்றாய். சம்பந்தி வீட்டார் வரைக்கும் சிரித்தார்கள். அம்மா மறுநாளே போய் அகலமாக ஒரு பித்தளைத் தாம்பாளம் வாங்கி வந்து அலமாரி மேல் வைத்தாள். அது இன்னும் பிரிக்காத காகிதத்தோடு அங்கேதான் இருக்கிறது.

இப்போது மாத்திரைக் கதைக்கு வருகிறேன். அது உன்னிடம் ஆரம்பித்தது இல்லை. நம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். மாதம் முழுக்க லீவே போடாமல் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டு. ஜுரம் என்று ஒருநாள் படுத்தால் அந்த மாதத்துப் போனஸ் மொத்தமும் போய்விடும். கான்ட்ராக்டில் இருக்கிற பையன் என்றால் வேலையே போனாலும் போய்விடும். டாக்டரிடம் போனால் டெஸ்ட் எடு, ஐந்து நாள் மருந்து சாப்பிடு, ரெஸ்ட் எடு என்பார். யாரால் முடியும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மெடிக்கல் கடையில் போய் நின்று "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்போம். கடைக்காரர் அட்டைகளைக் கத்தரியால் வெட்டி, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு கேப்சூல் என்று சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துக் கொடுப்பார். ராத்திரி ஒரு வேளை, காலையில் ஒரு வேளை. மறுநாள் ஷிப்டில் நிற்கலாம். அந்தக் கேப்சூல்தான் ஆன்டிபயாட்டிக் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஃபுல் அட்டெண்டன்ஸுக்காக நான் பரிசு வாங்கிய ஹாட்பாக்ஸும் குக்கரும் நம் வீட்டில் இன்னும் இருக்கின்றன. உன் அம்மாவின் சமையலறையில் பாதி, நான் படுக்காமல் விட்ட ஜுரங்களால் வந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு என் வலது கால் சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரை உள்ளவன் காலில் புண் சீக்கிரம் ஆறாது. சீழ் பிடித்து, பிறகு காய்ந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் முட்டி சுட ஆரம்பித்தது, தொட்டால் ஓடிய மோட்டார் மாதிரி. நீ மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துவிட்டு பையைக் கீழே வைத்தாய்.

"இன்னாபா முட்டி இப்டி வீங்கிக்கினு கீது? வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்லாம்" என்றாய்.

"கல்யாணத்த வெச்சிக்கினு லீவு போடாதடா. வரும்போது ரெண்டு வேளைக்கு வாங்கினு வா, போதும்" என்றேன்.

நன்றாக நினைத்துப் பார். உன் வாயில் முதலில் வந்தது ஆஸ்பத்திரி. அதை அமுக்கியது நான். நீ வாங்கி வந்தாய், வீக்கம் வடிந்தது. கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்தது, திரும்பவும் வாங்கி வந்தாய். "அப்பாக்கு இன்னும் கொறையலயாடே? கொஞ்சம் ஸ்ட்ராங்கா தாரேன்" என்று மெடிக்கல் கடை அண்ணாச்சி வேறு கேப்சூல் போட்டுக் கொடுத்தார். அவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆடி போய் ஆவணி போய் ஐப்பசியும் வந்தது. கடைசியில் ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்து சீழ் கசிய ஆரம்பித்தது. அன்றைக்கு நீ என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

டாக்டரம்மா முட்டியிலிருந்து ஊசியில் நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. உனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "வெளிய மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நீ தலை குனிந்தபடி ஆமாம் என்றாய். "அரைகுறையா மருந்து உள்ள இருந்தா கிருமி லேப்ல வளராது. ஆனா முட்டிக்குள்ள சாகவும் சாகாது. எல்லாத்தையும் நிறுத்துங்க, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம்" என்றார். அந்த நாட்களின் வலியை எழுதப் போவதில்லை, நீயே பார்த்தாய். மறுபடி எடுத்தபோது கிருமி வளர்ந்தது. ஒவ்வொரு மருந்தாக அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்குப் பேர் தெரிந்த மருந்து, தெரியாத மருந்து எதற்கும் அது அசையவில்லை. ஒன்றிரண்டு ஊசி மருந்துதான் மிச்சம் இருந்தது. அதுவும் கிட்னியைப் பதம் பார்க்கிற மருந்து.

அவர் பொறுமையாக விளக்கினார். சதையில் கிருமி இருந்தால் ரத்தத்தோடு மருந்து போய் அதைப் பிடித்துவிடும். செயற்கை முட்டி உலோகமும் பிளாஸ்டிக்குமாக இருக்கிறது, அதற்குள் ரத்தம் ஓடாது. கிருமி அதன்மேல் ஒட்டிக்கொண்டு வழவழவென்று ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். மருந்து மேலே இருப்பவற்றைக் கொல்லும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவற்றில் சில அந்த மருந்துக்கே மசியாதவையாக இருந்தால், அப்புறம் அவைதான் பெருகும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஷாப்பின் திங்கட்கிழமைகள் ஞாபகம் வந்தன. உலோகத்தைக் கடையும்போது சூடு தணிவதற்காகப் பால் நிறத்தில் ஒரு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், கூலண்ட் என்போம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் நின்றால் அதில் கிருமி பெருகி, திங்கட்கிழமை காலையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். டேங்கைக் காலி செய்து, உள்ளே ஒட்டியிருக்கும் வழவழப்பைச் சுரண்டிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு மெஷினை நிறுத்த வேண்டுமே, சூப்பர்வைசர் விடுவாரா. ஒரு மூடி மருந்தை ஊற்றச் சொல்வார். நாற்றம் அடங்கும், வேலை நடக்கும், சில வாரத்தில் முன்னைவிட மோசமாக நாறும். "சும்மா மூடி மூடியா ஊத்திக்கினு இருந்தா இது சாவாது சார், டேங்க காலி பண்ணணும்" என்று அவரோடு சண்டை போட்டவன் நான். அதே ஆள்தான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தன் முட்டிக்கு மூடி மூடியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். வைத்த முட்டியை எடுத்தார்கள். மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை அந்த இடத்தில் வைத்தார்கள். வாரக்கணக்கில் டிரிப். கிட்னி கெட ஆரம்பித்ததும் மருந்தைக் குறைத்தார்கள். ஆறிவிட்டது என்று நினைத்து நீ ஐயரிடம் தேதி கேட்டாய், திரும்பவும் சீழ் வந்தது. மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள், மறுபடியும் வந்தது. இப்படியே ஒரு வருஷம் ஓடி, இப்போது எலும்பை அரித்துவிட்டது. காலை நீட்டியபடியே எலும்போடு எலும்பைச் சேர்த்து இறுக்கிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள், அதற்கும் எலும்பு போதவில்லையாம். "இன்னொரு முட்டி வெச்சாலும் அதே கிருமி அதுமேலயும் உக்காரும் தம்பி. ரத்தத்துல கலந்துட்டா அப்புறம் நாம காலைப் பத்திப் பேச மாட்டோம்" என்று அவர் உன்னிடம் சொன்னபோது நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் எனக்குக் குளிர்ஜுரம் வந்து உடம்பு தூக்கிப்போட்டதே, அது ரத்தத்தில் கலக்கிற அந்த வழியில் ஒரு அடி.

நீ இல்லாதபோது நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "ஏம்மா, எம் புள்ள வாங்கியாந்த மாத்திரையாலதான் இப்டி ஆயிடிச்சா?" அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அத யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா. இந்தக் கிருமி ஆஸ்பத்திரியில ஒட்டியிருக்கலாம். ஊர்ல இத்தனை பேர் இப்படிச் சாப்பிட்டதுல ஏற்கெனவே மருந்துக்குப் பழகின கிருமியாவே உங்க விரல் புண்ணுல ஏறியிருக்கலாம். வீங்கின உடனே வந்திருந்தா காப்பாத்த வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். அது மட்டும் நிஜம்" என்றார். உன் மனசுக்காக நான் அதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் சொன்ன நிஜத்தில் குற்றம் என்று ஏதாவது இருந்தால் அது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்ட உன்னைத் தடுத்தவனுடையது. நீ சின்னப் பையனாக இருந்தபோதே உன் ஜுரத்துக்கும் அதே கடையில் அதே கவரைத்தான் வாங்கினேன். வேறு வழி இருப்பதாக உனக்கு யார் காட்டினார்கள்? இந்தப் பாரத்தை நீ தூக்கிக்கொண்டு அலையாதே.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதே. நிறைய இருக்கிறது. அம்மா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்துப் போர்வையை விலக்கி அந்தக் காலைப் பார்த்துக்கொள்கிறேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட மொபெட்டை மிதித்துக் கிளப்பிய கால். மழைக்காலத்தில் மிதித்து மிதித்தும் வண்டி கிளம்பாது, நீ பின்னால் உட்கார்ந்து "ஸ்கூல் லீவுபா, ஸ்கூல் லீவுபா" என்று பாட்டுப் பாடுவாய். இப்போது வீங்கிப்போய் யாருடைய காலோபோல் கிடக்கிறது. அது போகப்போகிறதே என்று அழுதேன். அழுததை அம்மாவிடம் சொல்லாதே, அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தபோது கௌரி வந்திருந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள். பிறகு, "மாமா, நீங்க நடந்தாத்தான் கல்யாணம்னு அவரு சொல்லிக்கினு கீறாரு. நான் இன்னா உங்க காலயா கட்டிக்கப் போறேன்?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். கௌரியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு எங்கிட்டகூட பேசறதில்ல மாமா. போன் பண்ணா 'ம்' 'ம்'ங்கறாரு" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. என் கால் போனால் கால்தான் போகும். நீ இப்படியே இருந்தால் அந்தப் பெண்ணும் போய்விடுவாள்.

இன்னொன்றையும் கேள், இது உனக்கு மட்டும் இல்லை, கம்பெனியில் உன் லைனில் வேலை செய்கிற பசங்களுக்கும் படித்துக் காட்டு. நீ இப்போது லைன் லீடர். அன்றைக்கு வார்டில் உட்கார்ந்து போனில் யாரிடமோ, "மாத்திர போட்டுக்கினு வந்து நில்லு, ஆள் இல்ல" என்று சொன்னாய். எனக்குக் காது சரியாகக் கேட்காது, ஆனால் அது கேட்டது. இனிமேல் அப்படிச் சொல்லாதே. ஜுரம் என்றால் டாக்டரைப் பார்க்க அனுப்பு. எல்லா ஜுரத்துக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லையாம். வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் வாங்காதே, சாப்பிடச் சொன்னால் அவர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடு, பாதியில் நிறுத்தாதே. போனஸ் போனால் போகட்டும். வேலை போய்விடும் என்று பயப்படுகிற கான்ட்ராக்ட் பையனுக்கு இதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை, அவன் நிலைமை அப்படி. அவனுக்காக உன் மேலே இருக்கிறவரிடம் நீ பேசு. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அதற்கு ஜுரம் வந்தால், நம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி அந்தக் கடையில் போய் நிற்காதே. நான் உன்னிடம் கேட்பதில் பெரியது இதுதான்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வா. அட்டெண்டன்ஸ் போகட்டும். அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவாள், நான்தான் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ போட வேண்டும். போட மறுத்துவிட்டு வெளியே நின்றால், உள்ளே என்ன நடந்தாலும் அதையும் உன் தலையில் ஏற்றிக்கொள்வாய். "அப்பாவும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம்" என்று நாளைக்கு உன்னால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்ல முடிய வேண்டும். கையெழுத்துப் போட்டதும் வராந்தாவில் நின்று ஐயருக்குப் போன் பண்ணி, தையில் ஒரு நாள் கேள்.

மண்டபத்துக்கு நான் சக்கர நாற்காலியில் வருவேன், புது வேட்டி கட்டிக்கொண்டு வருவேன். பாத பூஜைக்கு ஐயர் கூப்பிடும்போது யாராவது சங்கடப்பட்டு அதை விட்டுவிடச் சொன்னால் கேட்காதே. அம்மா வாங்கி வைத்த தாம்பாளம் நாலு பாதத்துக்கு அளந்து வாங்கியது, கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும், பரவாயில்லை. அவளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. குனிந்தபடியே இரு, என் முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம், கௌரி கோபித்துக்கொள்வாள். மூன்று பாதத்தையும் நன்றாகக் கழுவு. சோப்புத்தூளை மறந்துவிடாதே.

அப்பா